பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது: பாட்டி எங்கே சரி, மருத்துவர் எங்கே சரி?

பிரசவம் முடிந்து வீடு திரும்பும் தாய்க்கு முதல் வாரத்திலேயே இந்தச் சிக்கல் வந்துவிடுகிறது. ‘தினமும் எண்ணெய் தேய்த்துக் கை கால் நீவிவிட்டால்தான் பிள்ளைக்கு உடம்பு தேறும்’ என்கிறார்கள் வீட்டில். ‘எண்ணெய்க் குளியல் எல்லாம் வேண்டாம்’ என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, அரசு மருத்துவமனைகளில் பிரசவிக்கும் தாய்மார்களுக்காகத் தமிழக அரசு 2015-இல் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் குழந்தைக்கான எண்ணெயும் ஒன்று. அரசு கொடுத்த எண்ணெயை மருத்துவர் வேண்டாம் என்றால் யார் பேச்சைத்தான் கேட்பது?

இரு தரப்பும் ‘எண்ணெய் தேய்ப்பது’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு காரியங்களைப் பேசிக்கொண்டிருப்பதால்தான் இந்த வழக்கு தீராமல் கிடக்கிறது. மசாஜ் சிகிச்சை பற்றி மருத்துவ உலகில் நடந்த ஆய்வுகளில் சுவையான ஒரு பகுதி பச்சிளங்குழந்தைகளைப் பற்றியது. அதை வைத்துக்கொண்டு இந்த வழக்கைப் பிரித்துப் பார்க்கலாம்.

ஒரு குளியலுக்குள் ஐந்து வேலைகள்

குளிப்பாட்டும் பாட்டி மணைப் பலகையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டிக்கொள்கிறார். இரு முழங்கால்களுக்கும் கீழே விழும் பள்ளத்தில் குழந்தை மல்லாந்து கிடக்கிறது. உள்ளங்கையில் ஊற்றிச் சூடு வரத் தேய்த்த எண்ணெய் முதலில் மார்பில், பிறகு தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஒரே இழுப்பாக இறங்குகிறது. வலக் கையும் இடக் காலும் குறுக்கே மடங்கிச் சேர்கின்றன. அடுத்து இடக் கையும் வலக் காலும். குப்புறப் போட்டு முதுகு நீவுகிறார். திரும்ப மல்லாத்தி மூக்குத் தண்டை இரு விரலால் இழுத்துவிடுகிறார், தலையை உருட்டுகிறார், மார்புக் காம்பைப் பிழிகிறார், காதிலும் மூக்கிலும் ஒவ்வொரு சொட்டு. தொண்டையில் விரலை விட்டுச் சளி எடுக்கிறார். பயத்தமாவு, வெந்நீர், மூக்கில் ஒரு ஊதல், கடைசியில் சாம்பிராணிப் புகை. கைதேர்ந்தவருக்கு எல்லாம் கால் மணி நேரத்து வேலை.

இதற்குள் இருப்பவை இவை:

1. தொடுதல்: தோலின் மேல் ஓரளவு அழுத்தத்தோடு கை நகர்வது.
2. எண்ணெய்: தோலின் மேல் படிந்து, கொஞ்சம் உள்ளேயும் போவது.
3. அசைத்தல்: கை கால்களை மடக்கி நீட்டுவது.
4. திருத்துதல்: மூக்கு, தலை, மார்பு ஆகியவற்றை ‘சரிசெய்வது’, உரம் எடுப்பது.
5. உள்ளே விடுதல்: காது, மூக்கு, தொண்டை, நுரையீரல்வரை எதையாவது அனுப்புவது.

மருத்துவர்களின் கோபம் பெரும்பாலும் நான்காவதிலும் ஐந்தாவதிலும். பாட்டிமார் காப்பாற்ற நினைப்பது முதலாவதையும் மூன்றாவதையும். இரண்டாவதில் மட்டும் இருவருமே பாதி சரி.

ஈரத் தூரிகையும் எலிக்குட்டியும்

தொட்டால் உடல் வளருமா? இந்தக் கேள்விக்கு முதல் உருப்படியான பதில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க் என்பவரின் ஆய்வகத்திலிருந்து வந்தது. எலிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தால், வளர்ச்சி ஹார்மோனும் செல் வளர்ச்சிக்குத் தேவையான ஒரு நொதியும் அவற்றின் உடலில் மளமளவென்று இறங்கின. குறை பாலிலும் இல்லை, சூட்டிலும் இல்லை. தாய் எலி நாக்கால் அழுத்தி நக்குவதைப் போல ஈரத் தூரிகையால் குட்டிகளை வருடியபோது இறங்கிய அளவுகள் மீண்டும் ஏறின.

இதன் தொடர்ச்சியை மனிதக் குழந்தைகளில் பார்த்தவர் உளவியலாளர் டிஃபனி ஃபீல்ட். 1986-இல் அவரும் ஷான்பெர்க்கும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில் 40 குறைமாதக் குழந்தைகள் இருந்தனர். அவர்களில் பாதிப் பேருக்குப் பத்து நாள், நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம் உடலை வருடிக் கை கால்களை மடக்கி நீட்டினார்கள். மற்றப் பாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். குடித்த பால் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் தேய்ப்பு பெற்றவர்களின் அன்றாட எடைக் கூடுதல் 47 சதவீதம் அதிகம். மருத்துவமனையிலிருந்து 6 நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். ஃபீல்ட் 1992-இல் மயாமி பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடுதலை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையத்தைத் தொடங்கினார்.

பால் ஒன்றே என்றால் எடை எங்கிருந்து வந்தது? அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டிய வழி இது:

1. மிதமான அழுத்தம் தோலுக்கு அடியில் உள்ள அழுத்த உணர்விகளைத் தூண்டுகிறது.
2. அது வேகஸ் நரம்பின் செயல்பாட்டைக் கூட்டுகிறது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று பரவும் நரம்பு இது. உடலை ஓய்வு நிலைக்குக் கொண்டுவரும் வேலை இதனுடையது.
3. இரைப்பை சுறுசுறுப்பாக அசைகிறது. இன்சுலினும் இன்சுலின் போன்ற ஒரு வளர்ச்சிக் காரணியும் இரத்தத்தில் கூடுகின்றன. குடித்த பால் உடம்பில் ஒட்டுகிறது.

இந்த வரிசையில் அழுத்தம் முக்கியம். பூப்போலத் தொட்ட குழந்தைகளைவிட மிதமாக அழுத்தித் தேய்த்த குழந்தைகளே எடை கூடினார்கள். மென்மையாகத் தொட்டால்தான் நல்லது என்று நினைக்கும் புதுப் பெற்றோருக்கு இது வியப்பாக இருக்கலாம். கைப்பழக்கம் உள்ள பாட்டிக்கு இருக்காது.

மெல்லிய வருடலுக்கும் தனி வேலை உண்டு. முடியுள்ள தோலில் மெதுவான வருடலுக்கென்றே ஒரு வகை நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் கை நகரும்போதுதான் அவை நன்றாகக் கிளர்கின்றன. அதைவிட வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. 2014-இல் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் பார்த்தபோது, நொடிக்கு 3 சென்டிமீட்டர் வேக வருடலில் இதயத் துடிப்பு தணிந்தது. கைக்கணக்கில் சொன்னால், தோளிலிருந்து மணிக்கட்டுவரை 15 சென்டிமீட்டர் என்றால் ஒரு வருடலுக்கு ஐந்து நொடி. அவசரமாகத் தேய்த்துக் கழுவிவிடுபவரின் கை இதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடும்.

யாருக்குப் பலன் அதிகம்?

நல்ல செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. எண்ணெய் விளம்பரங்களும் இங்கேதான் சறுக்குகின்றன.

குறைமாதக் குழந்தைகள் பற்றிய சோதனைகளை எல்லாம் திரட்டி எடைபோட்ட காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2004-இல் வந்தது. தேய்ப்பு பெற்ற குழந்தைகள் நாளுக்குச் சராசரியாக 5 கிராம் கூடுதலாக எடை ஏறினார்கள். மருத்துவமனை வாசம் நாலரை நாள் குறைந்தது. 5 கிராம் அற்பம் என்று நினைக்க வேண்டாம். ஒன்றேகால் கிலோ எடையுள்ள குழந்தை நாளுக்கு ஏறத்தாழ 20 கிராம் ஏறினால் மருத்துவர் மகிழ்வார். அந்தக் கணக்கில் 5 கிராம் கால் பங்கு. ஆனாலும் தொகுப்பை எழுதியவர்கள் தயங்கினார்கள். சோதனைகள் நடத்தப்பட்ட விதம் அவர்களுக்குத் திருப்தி தரவில்லை. எந்தக் குழந்தைக்குத் தேய்ப்பு நடக்கிறது என்று தெரிந்தவர்களே எப்போது வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவுசெய்தால், ‘முன்னதாக வீடு திரும்பினார்கள்’ என்ற முடிவின் மேல் சந்தேகம் விழத்தானே செய்யும்?

நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றிய காக்ரேன் தொகுப்பு 2013-இல் வந்தது. 34 ஆய்வுகளைப் பார்த்தது. அவற்றில் 20 நம்பத்தகாத அளவுக்குக் குறைபாடுள்ளவை. அப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தேய்ப்பைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அது முடித்தது.

இந்த வேறுபாடு ஏன்? என் கணிப்பு எளியது. இன்குபேட்டருக்குள் கிடக்கும் குறைமாதக் குழந்தையைத் தொடுவது பெரும்பாலும் ஊசியும் குழாயும் பிளாஸ்திரியும்தான். தொடுதலில் பட்டினி கிடக்கும் உடம்புக்கு 15 நிமிடம் பெரிய விருந்து. மடியும் தோளும் இடுப்புமாக நாள் முழுக்கக் கை மாறிக்கொண்டிருக்கும் வீட்டுக் குழந்தைக்கு அது ஏற்கெனவே உண்ட சாப்பாட்டின் மேல் ஒரு கவளம்.

தொடுதலுக்கு இருக்கும் அசைக்க முடியாத ஆதாரமும் தேய்ப்பில் இல்லை. நெஞ்சோடு நெஞ்சு அணைப்பதில் இருக்கிறது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் போதிய இன்குபேட்டர் இல்லாத மருத்துவமனையில் தொடங்கிய ‘கங்காரு தாய் பராமரிப்பு’ இது. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் பங்கேற்று 2021-இல் வெளியான சோதனையில், எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு சேர்த்து வைத்தபோது முதல் 28 நாளின் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. எண்ணெயா, அணைப்பா என்ற கேள்வி எழுந்தால் எடை குறைந்த குழந்தைக்கு அணைப்புதான் முதலில்.

தேய்ப்பின் பலன் எப்போதும் குழந்தையிடமே தெரிய வேண்டும் என்பதுமில்லை. 2001-இல் லண்டனில் மகப்பேறுக்குப் பிந்தைய மனச்சோர்வில் இருந்த தாய்மார் சிலருக்கு வாரம் ஒரு முறை ஐந்து வாரம் குழந்தைக்குத் தேய்த்துவிடக் கற்றுக்கொடுத்தார்கள். தாயும் சேயும் ஒருவரோடு ஒருவர் பழகும் விதம் மேம்பட்டது, மனச்சோர்வும் தணிந்தது. நம் வீடுகளில் குளிப்பாட்டும் பொறுப்பு முழுவதும் அனுபவசாலியின் கைக்குப் போய்விடுவதால் இந்தப் பலன் தாய்க்குக் கிடைப்பதில்லை. கழுத்து நிற்காத குழந்தையைத் தண்ணீரில் பிடிக்கப் பயமாக இருக்கலாம். குளியலைப் பாட்டி பார்க்கட்டும். அதற்கு முந்தைய பத்து நிமிடத் தேய்ப்பைத் தாய் செய்யலாமே.

எந்த எண்ணெய்?

பச்சிளங்குழந்தையின் தோல் பெரியவர் தோலின் சிறிய நகல் அல்ல. அதன் மேலடுக்கு பெரியவர்களுடையதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் மெல்லியது. அந்த அடுக்கின் வேலை காவல்: உள்ளிருக்கும் நீரை வெளியே விடாது, வெளியே இருக்கும் கிருமியை உள்ளே விடாது. குறைமாதக் குழந்தைக்கு அந்தக் காவலே இன்னும் கட்டி முடிந்திருக்காது.

எண்ணெய்களைப் பிரிக்கும் கோடு இரண்டு கொழுப்பு அமிலங்களுக்கு நடுவே போகிறது. லினோலெயிக் அமிலம் தோலின் காவலைக் கட்ட உதவுகிறது. ஒலெயிக் அமிலம் அந்தக் கட்டுமானத்தைக் குலைக்கிறது. சூரியகாந்தி எண்ணெயில் முதலாவது அதிகம்; ஆலிவ் எண்ணெயில் இரண்டாவது மிக அதிகம். விலை உயர்ந்தது என்பதற்காகவே ஆலிவ் எண்ணெய் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சூரியகாந்திக்குச் சாட்சி வங்கதேசத்திலிருந்து வருகிறது. டாக்கா சிசு மருத்துவமனையில் 33 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது மருத்துவமனையில் தொற்றும் கிருமி நோய்கள் 41 சதவீதம் குறைந்தன என்று 2005-இல் வெளியான ஆய்வு சொன்னது. இறப்பும் 26 சதவீதம் குறைந்தது பிறகு தெரிந்தது. இந்தச் சாட்சியைக் கொண்டுபோய்ப் பெரிய மருத்துவமனையில் நிறைமாதம் பிறந்த மூன்று கிலோ குழந்தைக்கு அப்படியே பொருத்த முடியாது. மான்செஸ்டரில் 115 நிறைமாதக் குழந்தைகளுக்கு நான்கு வாரம் ஆலிவ், சூரியகாந்தி எண்ணெய்களைப் பூசிப் பார்த்தபோது தோலில் ஈரம் கூடியது. ஆனால் தோலின் கொழுப்பு அடுக்குகள் ஒழுங்காக அமைவது, எண்ணெயே பூசாத குழந்தைகளோடு ஒப்பிட்டால், இரண்டு எண்ணெயிலும் பின்தங்கியது. குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் எண்ணெய் பூசுவதைப் பரிசீலிக்கலாம் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது, ‘பரிசீலிக்கலாம்’ என்ற சொல்லோடு நின்றுகொண்டது.

நம் ஊர் எண்ணெய்கள்?

தேங்காய் எண்ணெய்: மும்பையில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில் குறைமாதக் குழந்தைகளின் எடை ஏறும் வேகத்தைக் கூட்டியது. மிதமான, எளிதில் கிடைக்கும் தேர்வு.

நல்லெண்ணெய்: 125 குழந்தைகளை ஐந்து குழுவாகப் பிரித்து 2000-இல் வெளியான இந்திய ஆய்வில் வளர்ச்சி அளவுகளிலும் தொடை இரத்த ஓட்டத்திலும் முன்னால் நின்றது இதுதான். குழுவுக்கு 25 பேர் மட்டுமே என்பதை மறக்காமல் இதை மதிக்கலாம்.

கடுகெண்ணெய்: வட இந்தியாவில் புழங்குவது. விலங்குச் சோதனைகளில் தோலின் காவலைச் சேதப்படுத்தியது. இங்கே யாரும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

எண்ணெய் உடம்பில் ஊறும் என்று பாட்டி சொல்வதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல். 2005-இல் வெளியான மற்றோர் இந்திய ஆய்வில், குழந்தைகளுக்கு நாளுக்கு நான்கு வேளை, வேளைக்கு 5 மில்லி வீதம் ஐந்து நாள் எண்ணெய் தேய்த்துவிட்டு இரத்தத்தைச் சோதித்தார்கள். தேய்த்த எண்ணெய்க்கு ஏற்பக் கொழுப்பு அமிலங்களின் அளவு இரத்தத்தில் மாறியிருந்தது. ஊறுவது உண்மை. அதனாலேயே வாசனைப் பொருள், நிறம், பெயர் தெரியாத மூலிகைச் சாறு சேர்ந்த எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. அவையும் ஊறும் அல்லவா?

எண்ணெயால் கரப்பான் வராது, வறண்ட தோல் அரிப்பு வராது என்ற வாக்குறுதியை நம்ப வேண்டாம். பிரிட்டனில் 1,394 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்ட, 2020-இல் வெளியான சோதனையில், முதல் ஆண்டு முழுக்கத் தினமும் தோலை ஈரப்பதமாக வைக்கும் களிம்பு பூசியும் கரப்பான் தடுபடவில்லை.

விட்டுவிட வேண்டியவை

இனி நான்காவதும் ஐந்தாவதும். இங்கே மருத்துவர் பக்கம் முழு நியாயம்.

மூக்கில் விடும் எண்ணெய் தும்மலோடு வெளியே வந்துவிடுவதில்லை. எண்ணெய் மூச்சுக்குழாயை உறுத்தாது என்பதால் இருமல்கூட எழாமல் நழுவி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே அதைக் கரைக்க உடலிடம் வழி இல்லை. அழற்சி ஏற்பட்டு, கொழுப்பு நிமோனியா என்று மருத்துவர்கள் சொல்லும் நிலை வருகிறது. சாதாரண நிமோனியா மருந்துக்கு இது கேட்காது. வாயால் ஊதிச் சளி எடுப்பதும் தொண்டையில் விரல் விடுவதும் கிருமியை நேரே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிகள். காதில் விடும் எண்ணெய் பூஞ்சைக்கு வாகான ஈரம்.

பிறந்த குழந்தையின் மார்பு, ஆணோ பெண்ணோ, சில வாரம் வீங்கியிருப்பதும் ஒரு துளி பால் போலக் கசிவதும் தாயின் ஹார்மோன்களால். தானே வற்றும். பிழிந்தால் சீழ்க்கட்டி வரலாம். பிரசவத்தில் நீண்டுபோன தலை தானாக உருண்டையாகும். மூக்கின் வடிவத்தைப் பரம்பரை முடிவுசெய்கிறது, விரல் முடிவுசெய்வதில்லை. இடுப்பில் மடங்கியிருக்கும் கால்களை வெடுக்கென்று நேராக்குவதும் தவறு. பிறந்த சில மாதங்களுக்கு இடுப்பு மூட்டு மடங்கி, அகன்றிருப்பதுதான் இயல்பு.

‘உரம் விழுந்துவிட்டது’ என்பதற்குக் கொஞ்சம் நிற்க வேண்டும். குழந்தை ஓயாமல் அழுகிறது, பால் குடிக்க மறுக்கிறது, தூக்கினால் வீறிடுகிறது என்றால் எங்கோ தசை பிசகிவிட்டது என்று சொல்லி, சேலையை இருவர் பிடித்து, குழந்தையை அதில் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். பல நேரம் அழுகை நின்றும் விடுகிறது. ஆட்டினால் அழுகை அடங்கும் என்பது தொட்டிலில் போட்ட எல்லோருக்கும் தெரியும். பிசகு சரியானதற்கு அது சான்றல்ல. மேலும் பச்சைக் குழந்தையின் அழுகை இயல்பாகவே ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பிறகு குறையும். உண்மையிலேயே கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகிய குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு இயன்முறை சிகிச்சையாளர் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல நீட்டிச் சரிசெய்வார். உருட்டுவதில் இரண்டு ஆபத்துகள்: கழுத்து நிற்காத குழந்தையின் தலை தாங்கலின்றி ஆடுவது ஒன்று. பிரசவத்தில் முறிந்த காறையெலும்போ, காது வலியோ, இரத்தத்தில் கலந்த கிருமியோ காரணமாக இருந்தால் மருத்துவரிடம் போவது ஒரு நாள் தள்ளிப்போவது மற்றொன்று. இரண்டாவதுதான் பெரிய ஆபத்து.

தேய்ப்பது என்று முடிவுசெய்தால்

பிறந்த முதல் 24 மணி நேரம் குளியலே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை; உடல் சூடு இறங்கிவிடும். தொப்புள்கொடி உலர்ந்து விழும்வரை அந்த இடத்தில் எண்ணெய் படக் கூடாது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தோ முப்பத்தேழு வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தை என்றால் எண்ணெயையும் நேரத்தையும் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவது நல்லது. பலன் அதிகம் கிடைப்பதும் அவர்களுக்கே, தோல் மெல்லிதாக இருப்பதும் அவர்களுக்கே.

மற்றபடி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பால் குடித்து முக்கால் மணி நேரமாவது கழித்து, நகம் வெட்டிய கையால், மார்பிலிருந்து கை கால் நோக்கி மெதுவாகப் பத்து நிமிடம் தேய்த்தால் போதும். காய்ச்சல் இருந்தால், தோலில் கொப்புளம் இருந்தால் அன்று வேண்டாம். தடுப்பூசி போட்ட தொடையைத் தேய்க்கக் கூடாது. கோடையில் எண்ணெயை ஊறவிடாமல் கழுவிவிட வேண்டும், வேர்க்குரு வரும். தலையில் செதில் கட்டியிருந்தாலும் அப்படித்தான். எண்ணெய் தடவிய குழந்தையைத் தூக்கும்போது ஒரு துண்டைப் போர்த்தித் தூக்குவது பாட்டிமாருக்கே தெரிந்த வித்தை, வழுக்கும்.

எப்போது நிறுத்துவது என்பதைக் குழந்தையே சொல்லிவிடும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கைவிரல்களை விசிறிபோல விரிக்கும், முதுகை வளைக்கும், விக்கல் எடுக்கும், கொட்டாவி விடும். பத்து நிமிடம் ஆகியிருக்காவிட்டாலும் அன்றைய தேய்ப்பு அவ்வளவுதான்.